புதிதாகக் கார் ஓட்டுகிறவரும் காப்பீட்டுச் செலவும்

ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்து, முதல் கார் வாங்குவது பற்றி வீட்டில் பேச்சு எழும்போது, ‘இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு இன்ஷூரன்ஸ் எவ்வளவு வரும்?’ என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. இணையத்தில் தேடினால் கிடைக்கும் பதில்களில் பல, பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ வாழ்கிறவர்களுக்காக எழுதப்பட்டவை. அந்த நாடுகளில் காப்பீட்டு நிறுவனம் ஓட்டுகிறவரின் வயதையும், உரிமம் பெற்று எத்தனை ஆண்டாயிற்று என்பதையும் உன்னிப்பாகப் பார்த்தே பிரீமியத்தைச் சொல்லும். பதினெட்டு வயதுக்காரர் தம் தந்தையைவிடப் பெருந்தொகை கட்டுவது அங்கே வழக்கம். ஆகவே அனுபவமுள்ள ஒருவரைக் கூடுதல் ஓட்டுநராகப் பாலிசியில் சேர்ப்பது போன்ற யோசனைகள் அங்கே பயன் தருகின்றன. அதே யோசனையை இங்கே ஏஜென்டிடம் சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. நம் நாட்டுப் பாலிசியில் ஓட்டுநர்களின் பெயர்ப் பட்டியல் என்ற ஒன்று வழக்கத்தில் இல்லை.

இந்தியாவில் அடிப்படையாகக் காப்பீடு செய்யப்படுவது வண்டி. செல்லத்தக்க உரிமம் உள்ள எவரும், உரிமையாளரின் அனுமதியோடு, அந்த வண்டியை ஓட்டலாம். ஓட்டியவர் உரிமம் பெற்று பத்து நாள் ஆனவரா, முப்பது ஆண்டு ஆனவரா என்று பாலிசி வேறுபாடு காட்டுவதில்லை. சில நிறுவனங்கள் தொழில், வயது முதலியவற்றுக்காகச் சிறிய தள்ளுபடிகள் தரக்கூடும் என்றாலும், விலையைத் தாங்கி நிற்கும் தூண்கள் வேறு: என்ஜினின் அளவு, வண்டியின் மதிப்பு, அதன் வயது, பதிவான ஊர், முந்தைய ஆண்டுகளில் இழப்பீடு கேட்டிருக்கிறோமா இல்லையா என்பது. எனவே புதிய ஓட்டுநர் தம் வயதைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டு இவற்றைப் புரிந்துகொண்டால், செலவை எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக்கூடாது என்பது தெளிவாகும்.

கையில் கிடைக்கும் பாலிசிக் காகிதத்தில் பிரீமியம் இரண்டு பத்திகளாகப் பிரிந்திருப்பதைக் காணலாம். ஒன்று ‘தேர்ட் பார்ட்டி’ எனப்படும் மூன்றாம் தரப்புக் காப்பீடு. நம் வண்டியால் பிறருக்கு நேரும் மரணம், காயம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கானது. மற்றொன்று ‘ஓன் டேமேஜ்’ அல்லது ஓ.டி. எனப்படும் பகுதி, நம் வண்டிக்கே நேரும் சேதத்துக்கும் திருட்டுக்கும் உரியது. இரண்டும் சேர்ந்ததைத்தான் பேச்சுவழக்கில் ‘ஃபுல் கவர்’ என்கிறோம். இவற்றுள் முதலாவது சட்டப்படி கட்டாயம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவு அதை வலியுறுத்துகிறது. அது இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய் அபராதமும், மூன்று மாதம் வரை சிறையும் விதிக்க 196ஆவது பிரிவு இடம் தருகிறது.

மூன்றாம் தரப்புக் காப்பீட்டின் விலையை நிறுவனங்கள் தீர்மானிப்பதில்லை, அரசுதான் அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிக்கையின்படி, 1,000 சி.சி.க்கு மேற்படாத தனியார் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். அதற்கு மேல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், 1,500 சி.சி.யைத் தாண்டினால் 7,897 ரூபாய். எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் இதே தொகைதான் என்பதால், ‘மலிவான தேர்ட் பார்ட்டி’யைத் தேடி இணையத்தில் நேரம் செலவழிப்பது வீண். புதிய காருக்கு மூன்று ஆண்டுகளுக்கான தொகையை ஒரே தவணையில் கட்ட வேண்டும்: மேற்சொன்ன மூன்று வகைகளுக்கும் முறையே 6,521, 10,640, 24,596 ரூபாய். இவற்றின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு.

இந்த மூன்றாண்டுக் கட்டாயத்தின் பின்னால் ஒரு கோயம்புத்தூர்க்காரர் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. கங்கா மருத்துவமனையின் எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளில் சிதைந்து வருகிறவர்களை நாள்தோறும் பார்த்த வேதனையில், 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில் 2018 ஜூலையில் பிறப்பிக்கப்பட்ட உத்தரவின் விளைவாகவே, 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டுகளும் புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டுகளும் மூன்றாம் தரப்புக் காப்பீடு ஒரேயடியாக எடுக்கப்படுகிறது. முதல் ஆண்டோடு காப்பீட்டை மறந்துவிடும் வழக்கம் அந்த அளவுக்குப் பரவியிருந்தது.

ஷோரூமில் காருக்கு விலை பேசும்போதே கவனிக்க வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. 998 சி.சி. என்ஜின் உள்ள காருக்கும் 1,197 சி.சி. என்ஜின் உள்ள காருக்கும் மூன்றாண்டு மூன்றாம் தரப்புக் கட்டணத்தில் 4,119 ரூபாய் வேறுபாடு, 1,500 சி.சி. கோட்டைத் தாண்டினாலோ மேலும் 13,956 ரூபாய் கூடுகிறது. மின்கார்களுக்குச் சி.சி.க்குப் பதில் கிலோவாட் கணக்கு: 30 கிலோவாட்டுக்கு மேல் 65 கிலோவாட் வரை உள்ள காருக்கு ஆண்டுக்கு 2,904 ரூபாய். புதிதாக ஓட்டுகிறவர் சிறிய என்ஜின் உள்ள காரோடு தொடங்குவது பெட்ரோலுக்கு மட்டுமல்லாமல் காப்பீட்டுக்கும் நல்லது.

‘வெறும் மூன்றாம் தரப்பு தானே, அபராதத்துக்குப் பயந்து எடுப்பது’ என்று நினைப்பவர்கள், இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நம் கார் மோதி, சொந்தமாகத் தொழில் செய்துவந்த 28 வயதுக்காரர் ஒருவர் இறந்துவிட்டார். அவரது மாத வருமானம் 30,000 ரூபாய், மனைவியும் இரண்டு குழந்தைகளும் அவரை நம்பியிருந்தனர் என்று கொள்வோம். ஆண்டு வருமானம் 3,60,000. எதிர்காலத்தில் வருமானம் உயர்ந்திருக்கும் என்பதற்காக, 2017இல் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி 40 விழுக்காடு கூட்டினால் 5,04,000. அவர் தமக்காகச் செலவிட்டிருப்பார் என்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 3,36,000. இதை, 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பு 26 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு நிர்ணயித்த 17ஆல் பெருக்கினால் 57,12,000 ரூபாய். ஈமச்செலவு முதலியவை தனி. காப்பீடு இருந்தால் இதை நிறுவனம் கட்டும். இல்லையென்றால் வண்டியின் உரிமையாளர், பெரும்பாலும் காரைத் தம் பெயரில் வாங்கிக் கொடுத்த தந்தை, வீட்டையோ நிலத்தையோ விற்றுக் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 3,416 ரூபாய் என்பது இந்தப் பொறுப்புக்கான விலை. என் கணிப்பில் இந்தியாவில் ஒருவர் வாங்கக்கூடிய காப்பீடுகளில் இதைவிட மலிவானது இல்லை.

இனி ஓ.டி. பகுதிக்கு வருவோம். நிறுவனத்துக்கு நிறுவனம் விலை மாறுவதும், நம் சாமர்த்தியம் எடுபடுவதும் இங்கேதான். 2007 ஜனவரி 1க்குப் பிறகு இந்தப் பகுதியின் விலையை நிறுவனங்களே வைத்துக்கொள்கின்றன. ஆனாலும் கணக்கு பெரும்பாலும் பழைய கட்டண அட்டவணையிலிருந்தே தொடங்குகிறது. வண்டியின் ‘ஐ.டி.வி.’, அதாவது காப்பீடு செய்யப்படும் மதிப்பு, ஒரு விகிதத்தால் பெருக்கப்படும். அதிலிருந்து நிறுவனத்தின் தள்ளுபடி கழியும். மிச்சத்திலிருந்து, இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான சலுகையாகிய நோ கிளெய்ம் போனஸ் கழியும். உதாரணமாக, சென்னையில் பதிவான, ஐந்து ஆண்டுக்கு உட்பட்ட, 1,197 சி.சி. கார் ஒன்றின் ஐ.டி.வி. 6 லட்சம் ரூபாய் என்றால், பழைய அட்டவணையின் 3.283 விழுக்காடு விகிதப்படி 19,698 ரூபாய் வரும். நிறுவனம் 60 விழுக்காடு தள்ளுபடி தருகிறது என்று வைத்துக்கொண்டால் 7,879 ரூபாய். இதே கார் மதுரையிலோ திருநெல்வேலியிலோ பதிவாகியிருந்தால் விகிதம் 3.191 விழுக்காடு. சென்னை, மும்பை, பெங்களூரு உள்ளிட்ட எட்டுப் பெருநகரங்கள் ஒரு மண்டலமாகவும் நாட்டின் பிற பகுதிகள் இன்னொரு மண்டலமாகவும் அந்த அட்டவணையில் பிரிக்கப்பட்டிருப்பதே காரணம். வித்தியாசம் சில நூறு ரூபாய்தான். அதற்காக மாமா வீட்டு முகவரியில் காரைப் பதிவு செய்யத் தேவையில்லை.

ஐ.டி.வி. என்பது கார் திருடு போனாலோ, பழுது பார்க்கும் செலவு அந்த மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டும் அளவுக்கு நொறுங்கினாலோ நமக்குக் கிடைக்கும் தொகை. ஷோரூம் விலையிலிருந்து ஆறு மாதம் வரை 5 விழுக்காடும், ஓராண்டு வரை 15 விழுக்காடும், இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 விழுக்காடும் தேய்மானம் கழித்து அது கணக்கிடப்படுகிறது. விலை ஒப்பிடும் இணையதளங்களில் ஏறக்குறைய எல்லாரும் ஏமாறும் இடம் இதுதான். ஒரு நிறுவனம் 6 லட்சம் ஐ.டி.வி.க்கும் இன்னொன்று 5 லட்சத்துக்கும் விலை காட்டும். இரண்டாவது சுமார் 1,300 ரூபாய் மலிவாகத் தெரியும். அந்த 1,300 ரூபாயை மிச்சம் பிடித்தவர், வண்டி திருடு போன நாளில் ஒரு லட்சம் ரூபாயை இழந்திருப்பார். எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே ஐ.டி.வி.யை நாமே பதிவிட்டு, அதன் பிறகு விலைகளை ஒப்பிடுவதுதான் முறையான ஒப்பீடு.

நோ கிளெய்ம் போனஸ் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் புதிய ஓட்டுநருக்கு நீண்டகாலத்தில் கிடைக்கும் மிகப் பெரிய சலுகை இதுவே. ஓராண்டு முழுவதும் ஓ.டி. பகுதியில் இழப்பீடு கேட்காமல் இருந்தால் அடுத்த ஆண்டு ஓ.டி. பிரீமியத்தில் 20 விழுக்காடு குறையும். தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் என்றால் 25, மூன்று என்றால் 35, நான்கு என்றால் 45, ஐந்து என்றால் 50. நடுவில் ஒருமுறை இழப்பீடு பெற்றுவிட்டால் பூஜ்யத்துக்கு வந்து மறுபடியும் 20இலிருந்து ஏற வேண்டும். இந்த போனஸ் காருக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. காரை விற்றுவிட்டு வேறு கார் வாங்கினால், பழைய நிறுவனத்திடம் சான்றிதழ் பெற்றுப் புதிய பாலிசிக்கு மாற்றிக்கொள்ளலாம். பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்த போனஸ் முழுவதும் போய்விடும்.

புதிதாக ஓட்டுகிறவர் முதல் ஓராண்டுக்குள் எங்காவது உரசாமல் இருப்பது அரிது. அடுக்குமாடிக் குடியிருப்பின் தூணோ, தெருமுனை மின்கம்பமோ, பின்னால் வரும்போது கண்ணில் படாத தொட்டிச் சுவரோ காத்திருக்கும். பின்பக்க பம்பர் உடைந்துவிட்டது. புதிய பம்பர் 4,000 ரூபாய், பெயின்டிங்கும் கூலியும் 3,000 ரூபாய், ஆக 7,000 ரூபாய் என்று கொள்வோம். இன்ஷூரன்ஸில் போட்டுவிடலாம் என்றுதான் சர்வீஸ் சென்டரில் சொல்வார்கள். கணக்கைப் பார்ப்போம். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குக் கார் எவ்வளவு புதிதாக இருந்தாலும் 50 விழுக்காடு தேய்மானம் கழியும். ஆக பம்பருக்கு 2,000 ரூபாய்தான் கிடைக்கும். பெயின்டிங்கில் பொருளுக்கான பங்கிலும் பாதி கழியும்; அதில் ஏறக்குறைய 375 ரூபாய் போனால் மிச்சம் 2,625. இரண்டும் சேர்ந்த 4,625இலிருந்து, 1,500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு ஒவ்வொரு முறையும் உரிமையாளரே ஏற்க வேண்டிய கட்டாயத் தொகையான 1,000 ரூபாயும் கழியும். கையில் மிஞ்சுவது 3,625 ரூபாய்.

இதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன? போனஸுக்கு முந்தைய ஓ.டி. பிரீமியம் ஆண்டுக்கு 8,000 ரூபாய் என்று கொள்வோம். முதல் ஆண்டில் இழப்பீடு கேட்காதவரின் போனஸ் 20, 25, 35, 45, 50 என்று ஏறும். கேட்டவருக்கு அது 0, 20, 25, 35, 45 என்று ஓராண்டு பின்தங்கியே ஏறும். ஆண்டுதோறும் உள்ள வேறுபாட்டைக் கூட்டினால் மொத்தம் 50 விழுக்காடு, அதாவது 4,000 ரூபாய், ஜி.எஸ்.டி.யோடு 4,720 ரூபாய். வண்டியின் மதிப்புக் குறையக் குறைய இந்தத் தொகையும் ஓரளவு குறையும் என்றாலும், 3,625 ரூபாய் பெறுவதற்காக ஏறக்குறைய அதே அளவோ கூடுதலாகவோ பின்னால் கட்டப் போகிறோம் என்பது தெளிவு. ஐந்து ஆண்டுகள் காத்து 50 விழுக்காட்டை எட்டியவர் ஒருமுறை கேட்டால் இழப்பு இன்னும் பெரிது: 50, 30, 25, 15, 5 என்று கூட்டினால் 125 விழுக்காடு, அதே 8,000 ரூபாய்க் கணக்கில் 10,000 ரூபாய், வரி தனி. ஆகவே சிறிய உரசல்களை அக்கம்பக்கத்து டிங்கரிங் பட்டறையில் சொந்தச் செலவில் சரிசெய்துகொண்டு, முன்பக்கம் நொறுங்குதல், திருட்டு, வெள்ளம் போன்ற பெரிய சேதங்களுக்கு மட்டும் பாலிசியைப் பயன்படுத்துவதே கட்டுபடியாகும். எந்தத் தொகைக்குக் கீழே கேட்பதில்லை என்று பாலிசி எடுக்கும் நாளிலேயே ஒரு கோட்டைப் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. பம்பர் தொங்கிக்கொண்டிருக்கும்போது நிதானமாகக் கணக்குப் போட யாருக்கும் மனம் வராது.

‘ஜீரோ டெப்’ என்றும் ‘பம்பர் டு பம்பர்’ என்றும் சொல்லப்படும் கூடுதல் பாதுகாப்பு, மேலே கண்ட தேய்மானக் கழிவை நீக்கிவிடும். அது இருந்திருந்தால் மேற்படி உதாரணத்தில் 7,000இல் 6,000 ரூபாய் கிடைத்திருக்கும். புதிய காருக்கு முதல் மூன்று ஆண்டுகள் இதை எடுப்பது தகும் என்பது என் கருத்து. இன்றைய கார்களில் பம்பர், விளக்குக் கூடு, கண்ணாடிக் கூடு என்று முதலில் அடிபடும் பாகங்கள் எல்லாம் பிளாஸ்டிக்கே. ஆண்டுக்கு இத்தனை முறைதான் என்ற வரம்பு பல பாலிசிகளில் உண்டு. அதைப் படித்துவிட்டு எடுக்க வேண்டும். என்ஜின் பாதுகாப்பு என்பது ஊரைப் பொறுத்தது. தேங்கிய நீரில் நின்றுபோன காரை மீண்டும் ஸ்டார்ட் செய்வதால் என்ஜினுக்குள் நீர் புகுந்து கெடுவதைச் சாதாரண ஓ.டி. பாலிசி பின்விளைவுச் சேதம் என்று ஒதுக்கிவிடும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் காரை நிறுத்தியிருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டுப் பகுதியில் இருப்பவர் இதைத் தவிர்க்கலாம்.

என் அக்கா மகன் முதல் கார் வாங்கியபோது ஷோரூமில் கொடுத்த காப்பீட்டு மதிப்பீட்டுத் தாளை வாங்கிப் பார்த்தேன். சாவி தொலைந்தால், டயர் வெடித்தால், காருக்குள் வைத்த பொருள் காணாமற்போனால், வழியில் நின்று ஓட்டலில் தங்க நேர்ந்தால் என்று ஏழெட்டுக் கூடுதல் பாதுகாப்புகள் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருந்தன. எதையும் அவன் கேட்கவில்லை. ‘இது பேக்கேஜ் சார், பிரிக்க முடியாது, வெளியே எடுத்தால் கேஷ்லெஸ் கிடைக்காது’ என்றார் அங்கிருந்தவர். இரண்டும் சரியல்ல. காப்பீட்டை எந்த நிறுவனத்திலும் எவர் வழியாகவும் வாங்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு; பணம் கட்டாமல் பழுது பார்க்கும் வசதி, அந்தப் பட்டறை காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறதா என்பதைப் பொறுத்ததே ஒழிய, பாலிசி விற்றவரைப் பொறுத்ததன்று. வேறு இரண்டு நிறுவனங்களின் விலையை அதே ஐ.டி.வி.யோடு எடுத்துக்கொண்டு மறுநாள் போனபோது, பிரிக்க முடியாத பேக்கேஜ் தானாகப் பிரிந்தது.

கூடுதல் பாதுகாப்புகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் இன்னொரு வரி, உரிமையாளர்–ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பீடு. இது கட்டாயம் என்றே எல்லாரும் சொல்வார்கள், பாதி உண்மை. மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் குறைந்தது 15 லட்சம் ரூபாய் தரும் தனிநபர் விபத்துப் பாலிசி ஏற்கெனவே இருந்தால் மறுபடியும் எடுக்க வேண்டியதில்லை. 2019 ஜனவரி முதல் இதைத் தனிப் பாலிசியாகவும் வாங்க முடிகிறது. பைக்கும் காரும் ஒரே பெயரில் வைத்திருக்கும் இளைஞர், இரண்டு வண்டிகளின் பாலிசியிலும் இரண்டு முறை கட்டுவதைவிட ஒரு தனிப் பாலிசி எடுப்பது சிக்கனம்.

கட்டாயத் தொகைக்கு மேல் இன்னும் கொஞ்சத்தை நாமே ஏற்கிறோம் என்று எழுதிக் கொடுத்தால் பிரீமியம் குறையும். பழைய அட்டவணைப்படி 2,500 ரூபாய் ஏற்பவருக்கு அதிகபட்சம் 750 ரூபாயும், 15,000 ரூபாய் ஏற்பவருக்கு அதிகபட்சம் 2,500 ரூபாயும் தள்ளுபடி. பழகிய ஓட்டுநருக்கு இது பொருந்தலாம். முதல் ஓரிரு ஆண்டுகளில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வார இறுதியில் மட்டும் காரை எடுப்பவருக்கு, ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்ப ஓ.டி. விலை குறையும் பாலிசிகள் 2022 ஜூலைக்குப் பின் வந்துள்ளன; மீட்டர் அளவைப் படமெடுத்து அனுப்பச் சொல்வார்கள்.

முதல் காரைப் பழைய காராக வாங்குகிறவர்கள் நம்மில் ஏராளம். அவர்களுக்கு மூன்று எச்சரிக்கைகள். விற்றவரின் பாலிசியில் மூன்றாம் தரப்புப் பகுதி காரோடு தானாக வந்துவிடும்; ஓ.டி. பகுதி அப்படி வராது. கைமாறிய 14 நாட்களுக்குள் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அதைச் செய்யாதவர் கார் நொறுங்கிய பிறகு ஆர்.சி. தம் பெயரில் இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை. இரண்டாவதாக, விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும். இணையத்தில் பாலிசி எடுக்கும்போது ‘சென்ற ஆண்டு போனஸ் எத்தனை விழுக்காடு?’ என்ற கட்டத்தில் 50ஐத் தேர்ந்தெடுத்தால் விலை சட்டென்று இறங்கும், யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் இழப்பீடு கேட்கும் நாளில் நிறுவனம் பழைய நிறுவனத்திடம் விசாரிக்கும். பொய் வெளிப்பட்டால் ஓ.டி. இழப்பீட்டுக்கு ஆபத்து. மூன்றாவதாக, பாலிசி காலாவதியான காரை வாங்கினால், நிறுவனம் காரைப் பார்வையிட்ட பிறகே ஓ.டி. பாதுகாப்புத் தரும், அதுவரை அந்தக் காரைச் சாலையில் எடுக்கக்கூடாது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு பழைய, ஒரு லட்சம் ரூபாய்கூடப் பெறாத காராக இருந்தால், மூன்றாம் தரப்போடு தனிநபர் விபத்துக் காப்பீடும் எடுத்துக்கொண்டு ஓ.டி.யை விட்டுவிடலாம், பழகுவதற்கென்றே வாங்கிய காருக்குப் பழுதுச் செலவையும் பழகும் செலவாகவே கருத வேண்டியதுதான்.

இவ்வளவையும் சரியாகச் செய்தபின், பாலிசியை முற்றிலும் பயனற்றதாக்கக் கூடியது உரிமம் தொடர்பான தவறு. உரிமம் இல்லாத ஒருவரிடம் காரைக் கொடுத்து விபத்து நேர்ந்தால் நம் காரின் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது; பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் கட்டிவிட்டு, அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம். ஓட்டியவர் பதினெட்டு வயதுக்குட்பட்டவரானால், 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு.

பழகுநர் உரிமம் மட்டும் வைத்திருப்பவரின் நிலை வேறு, பலர் இதைத் தவறாகவே அறிந்திருக்கிறார்கள். சாதாரணத் தனியார் கார் பாலிசியின் ஓட்டுநர் பற்றிய பிரிவு, செல்லத்தக்க பழகுநர் உரிமம் உடையவரும் ஓட்டலாம் என்று வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் மூன்றாவது விதியைப் பின்பற்றியிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. அதாவது உரிமம் உள்ள ஒருவர், தேவைப்பட்டால் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில், பக்கத்தில் அமர்ந்திருக்க வேண்டும். காரின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’ எழுத்து இருக்க வேண்டும். இது தெரியாமல், மகள் ஓட்டிப் பழகும்போது கார் மோதிவிட்டால், கிளெய்ம் படிவத்தில் ‘விபத்து நேரத்தில் ஓட்டியவர்’ என்ற இடத்தில் அப்பாவின் பெயரையும் அவரது உரிம எண்ணையும் எழுதிவிடும் குடும்பங்களை நான் அறிவேன். பக்கத்து இருக்கையில் அப்பா அமர்ந்திருந்து, எல் போர்டும் ஒட்டியிருந்தால் மகளின் பெயரை எழுதியே இழப்பீடு பெற்றிருக்கலாம்; சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து தெருக்காரர்களிடம் விசாரித்து, வாயில் கேமராப் பதிவையும் பார்த்தபின் அந்தக் கிளெய்ம் தள்ளப்பட்டால், அதற்குக் காரணம் மகளின் அனுபவமின்மை அன்று, படிவத்தில் எழுதிய அந்தப் பொய்ப் பெயர்தான்.